பெயரில்லாத நான்காவது கோடை

கிமோலொஸ்
2 ஆகஸ்ட் 1976

யாக்குமிஸ்,

உங்கள் தீவுக்கு வந்து சேர்ந்தோம். உயிரோடு.

பதினோரு மணி நேரக் கப்பல். லாஸரோஸ் நான்கு முறை வாந்தி எடுத்தான். மூன்றாவது முறை ஒரு பாதிரியாரின் செருப்பின் மேல். எட்டு வயதுப் பையன், தள்ளி நிற்கத் தெரியவில்லை. பாப்பா வாந்தி எடுக்கவில்லை. அதற்குப் பதில் பாடினாள். ஒரே பாட்டு, அதிலும் ஒரே வரி. மேல்தளத்தில் படுத்திருந்த ஜெர்மன் இளைஞர்கள் முதலில் கை தட்டினார்கள். பிறகு தூக்குப்பைகளை எடுத்துக்கொண்டு கப்பலின் மறுபக்கம் போய்விட்டார்கள்.

"கடலை எப்போம்மா நிறுத்துவாங்க?" என்று லாஸரோஸ் கேட்டான்.

உன் அக்கா கலிரோய் கழுதையோடு துறையில் நின்றிருந்தாள். பிள்ளைகளுக்கு முத்தம். எனக்கு ஒரு பார்வை. பெட்டிகளைப் பார்த்து, "இவ்ளோ எதுக்கு?" வீட்டுக்குப் போகும் வரை அவ்வளவுதான் பேச்சு.

தண்ணீர்ச் சட்டம் அப்படியே இருக்கிறது. தொட்டியில் மழைநீர் முழங்கால் அளவுக்குக்கூட இல்லையாம். முகம் கழுவிய தண்ணீரில் கால். கால் கழுவிய தண்ணீரில் தரை. தரை துடைத்தது ஜெரேனியம் செடிக்கு. நேற்று பாப்பா ஒரு கோப்பைத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டாள். கலிரோய் திட்டவில்லை. குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டியிருக்கலாம்.

அழகுதான். இல்லை என்று சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்தால் வெள்ளைச் சுவர், சுவருக்கு மேல் கடல். பார்த்துக்கொண்டே நிற்கலாம், இரண்டு பிள்ளைகள் இல்லாதவர்கள். குளிக்கும் கரைக்கு நாற்பது நிமிட நடை. பாதி வழியில் பாப்பா உட்கார்ந்துவிடுவாள். "பாப்பா வரமாட்டா" என்பாள், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல. தூக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் ஒன்றுக்கு வரும். ஆனால் கடலில் போகமாட்டாள், மணலில் போகமாட்டாள். நாங்கள் கடந்து வந்த ஒரு குறிப்பிட்ட பாறைக்குப் பின்னால்தான் போவாள்.

மூன்றே நாளில் வருகிறேன் என்றாய்.

ஊரில் தொலைபேசி ஒன்றுதான், அதுவும் காபிக் கடையில். "ஹலோ" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அங்கிருப்பவர்கள் எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள். அதனால்தான் கடிதம்.

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், பெயர் வைப்பதும் அன்றே என்று பாதிரியாரிடம் சொல்லியாகிவிட்டது. பாப்பாவுக்கு அக்டோபரில் நான்கு வயது. தடுப்பூசி அட்டையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் ஒரு கோடு. ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லாமல் பாலர் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள். கோடு பள்ளிக்கூடம் போக முடியாது.

என் நிலை உனக்குத் தெரியும். எந்தப் பெயரானாலும் எனக்குச் சம்மதம். உன் அம்மா பெயர் மட்டும் வேண்டாம்.

எர்ஸி


பிரேயஸ்
6 ஆகஸ்ட்

அன்புள்ள எர்ஸி,

கோபப்படாமல் படி. ஆகஸ்டில் இந்த நகரத்தின் குளிர்பெட்டிகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒன்றாகச் சாகின்றன. நேற்று ஒரே நாளில் ஒன்பது. ஒரு கறிக்கடை, இரண்டு பால்கடை, ஒரு மருத்துவமனையின் சமையலறை. கறிக்கடைக்காரர் நான் வேலை செய்த நேரம் முழுக்கப் பின்னாலேயே நின்று, "ஆட்டுக்குட்டி கெட்டுப்போச்சுன்னா உன்னத்தான் தொங்க விடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். முதலாளி 20ஆம் தேதிக்கு முன் விடுப்பு இல்லை என்கிறார். 20ஆம் தேதி கப்பலில் நிச்சயம். ஸரான்டிஸும் வருகிறான். ஞானத்தந்தையாக நிற்கப்போவதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மெழுகுவர்த்தி, தங்கச் சிலுவை, பாப்பாவுக்கு வெள்ளை உடை எல்லாம் வாங்கிவிட்டான்.

பெயர் விஷயம். எத்தனை முறை பேசியிருக்கிறோம். பெண் பிறந்தால் அப்பாவைப் பெற்றவள் பெயர். நான் உண்டாக்கிய வழக்கம் இல்லை. வழக்கம் மட்டும் என்றால் நானே விட்டிருப்பேன், உனக்குத் தெரியும். ஆனால் 73 மார்ச்சில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தேன். சாகக் கிடந்தவளிடம் சொன்னது. நீ அங்கே இல்லை. பாப்பா கைக்குழந்தை, உன்னால் வர முடியவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

தேவாலயத்தில் பாதிரியார் கேட்கும்போது பெயரைச் சொல்வது ஞானத்தந்தைதான், நீயும் இல்லை நானும் இல்லை. ஸரான்டிஸிடம் சொல்லிவிட்டேன். ஒருமுறை சொல்லிவிட்டால் முடிந்தது. பிறகு பழகிவிடும்.

அக்காவிடம் கொஞ்சம் பொறுமையாக இரு. அவளுக்கும் அம்மா பெயர் வர வேண்டும் என்று இருக்கும்.

யாக்குமிஸ்

பி.கு. பாறை எது? பிளந்து நிற்கிறதே, அதுவா? சின்ன வயதில் நானும் அங்கேதான் போவேன்.


கிமோலொஸ்
10 ஆகஸ்ட்

யாக்குமிஸ்,

பாறையைப் பற்றிக் கேட்க உனக்கு எப்படித் தோன்றியது?

லாஸரோஸ் கடல்முள்ளியை மிதித்துவிட்டான். பதினான்கு முட்கள். ஊர்வலம் போல் ஏழு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் எண்ணெய் என்றார், ஒருவர் வினிகர் என்றார், ஒரு கிழவர் தானே மூத்திரம் பெய்து குணப்படுத்துவதாக முன்வந்தார். நான் நாற்பது நிமிடம் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன், பாப்பா என் பாவாடையைப் பிடித்துத் தொங்க. கலிரோய் ஊசியை நெருப்பில் காட்டி ஒவ்வொன்றாக எடுத்தாள். அவன் கத்தினான். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. முடித்துவிட்டு, "செருப்பு எதுக்கு வாங்குறாங்க?" என்றாள். கேள்வி எனக்கு.

பொறுமையாக இரு என்கிறாய். இருக்கிறேன். காலையில் எழுந்து பொறுமையாக இருக்கத் தொடங்கி, படுக்கும்வரை வேறு வேலை செய்யாமல் இருக்கிறேன். மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது, ஊர் தூங்குகிறது. ஈரக் காலோடு வாசலைத் தாண்டக்கூடாது. சாப்பிட்ட பின் மூன்று மணி நேரம் கடலில் இறங்கக்கூடாது. தக்காளியும் வெங்காயமும் பரப்பிச் சுட்ட உங்கள் ஊர் ரொட்டியை லாஸரோஸ் தொடமாட்டேன் என்கிறான், பாப்பா அதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறாள்.

நேற்று மாலை சதுக்கத்தில் ஒரு பெண் வாசலில் நின்று "அனெஸீனா" என்று உன் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான்கு சிறுமிகள் திரும்பினார்கள். நான்கு பேர். எல்லோரும் உன் அண்ணன்மாரின் மூத்த பெண்கள், வீட்டுக்கு ஒருத்தி. ஒரே பெண்ணின் பெயர், ஒரே சதுக்கம். ஐந்தாவதாக என் பெண் திரும்ப வேண்டும் என்கிறாய்.

அது மட்டும் என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன்.

இதை நான் உன்னிடம் நேராகச் சொன்னதில்லை. எழுதுவது சுலபமாக இருக்கிறது. ஐந்து கோடைகள் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன், உன் அம்மா உயிரோடு இருந்தபோது. ஐந்திலும் ஒருமுறைகூட அவள் என் பெயரைச் சொல்லவில்லை. ஏதென்ஸ்காரி. "ஏதென்ஸ்காரிக்குக் காபி குடு." "ஏதென்ஸ்காரி எந்திரிச்சிட்டாளா?" நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே. லாஸரோஸைப் பெற்று எடுத்துக்கொண்டு வந்தேன். உன் அப்பா பெயரை அவனுக்கு வைத்தபோது நான் வாயே திறக்கவில்லை. அப்போதும், "ஏதென்ஸ்காரி கைல இருந்து பிள்ளைய வாங்கு."

என் பெயரை வாயால் சொல்லாதவளின் பெயரை நான் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்ல வேண்டும். சாப்பிட வா. கீழே இறங்கு. கையை எடு. கொஞ்சுவதற்கும் அதே பெயர்.

எனக்கு அது வராது. முயற்சி செய்து பார்த்தேன், ஆளில்லாத இடத்தில், சத்தமாக. வரவில்லை.

எர்ஸி


பிரேயஸ்
13 ஆகஸ்ட்

எர்ஸி,

அம்மா அப்படிப்பட்டவள்தான். எல்லோரிடமும். என்னைக்கூட "டேய்" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதாக நினைவில்லை. போனவளோடு இப்போது கணக்குத் தீர்க்க முடியாது.

வாக்கு வாக்குதான். அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

20ஆம் தேதி வருகிறேன். அதுவரை தயவுசெய்து ஒன்றும் செய்துவிடாதே.

லாஸரோஸின் கால் எப்படி இருக்கிறது?

யாக்குமிஸ்


கிமோலொஸ்
17 ஆகஸ்ட், துறையிலிருந்து

யாக்குமிஸ்,

இன்று காலை பெட்டியைக் கட்டினேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பிரேயஸுக்குத் திரும்பி, நம் தெருப் பாதிரியாரிடம் நானே ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுவது என்று. கலிரோய் ஆட்டுக்குத் தழை வெட்டப் போயிருந்தாள்.

கப்பல் தூரத்தில் தெரிந்தது. காற்று எழும்ப ஆரம்பித்திருந்தது. அடுத்த கப்பல் வருமா என்று தெரியாது என்றார்கள். பாப்பா துறையின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா கப்பல்ல வரமாட்டா."

தூக்கினேன். உடம்பை விறைத்துக்கொண்டாள். மூன்று வயதுப் பிள்ளை விறைத்துக்கொண்டால் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. லாஸரோஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, "நானும் வரல, எனக்கு வாந்தி வரும்" என்றான். சுற்றி இருந்தவர்கள் வலை பின்னுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நானும் தரையில் உட்கார்ந்தேன். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது கலிரோய் வந்தாள், கழுதையோடு. யார் சொன்னார்களோ. பெட்டியைத் தூக்கிக் கழுதை மேல் வைத்துக் கட்டினாள். பாப்பா உடனே எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இரு" என்றாள் உன் அக்கா.

அவள் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.

இந்தக் கடிதம் கப்பலில் ஏறுகிறது. நாங்கள் ஏறவில்லை.

எர்ஸி


பிரேயஸ், துறைமுகம்
21 ஆகஸ்ட்

எர்ஸி,

நேற்று மாலையிலிருந்து இங்கேயே இருக்கிறோம். காற்றின் அளவு ஒன்பது, புயல் மாதிரி. துறைமுகக் காவல் எந்தக் கப்பலையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப் போடச் சொல்லி அக்காவுக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். தந்தியைக் காற்று நிறுத்தாது.

ஸரான்டிஸ் வெள்ளை உடைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஞானஸ்நானத்துக்கு வாங்கிய சர்க்கரை பாதாமில் கால்வாசியைத் தின்றுவிட்டான். பசி என்கிறான். "கொழந்தைக்குப் பேரு வைக்கிறதுக்குள்ள எனக்குப் பல்லு போயிடும்டா" என்கிறான்.

இந்த பெஞ்சில் நான் முன்பும் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாள். அப்போதும் காற்று. அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எழுத முடியவில்லை, இவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறான். வந்து சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை வேலைக்கு நிற்க வேண்டும். அதற்குள் கப்பல் போனால் ஏறிவிடுவோம். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

யாக்குமிஸ்


கிமோலொஸ்
22 ஆகஸ்ட்

யாக்குமிஸ்,

தந்தி வந்தது. கலிரோய் அதைப் படித்து, மடித்து, எண்ணெய் ஜாடிக்கு அடியில் வைத்தாள். "ரெண்டு ஆடு அறுத்தாச்சு" என்றாள். அதுதான் பதில்.

ஞானத்தந்தை இல்லை. யார் நிற்பது என்று பாதிரியார் கேட்டாராம். நான் நிற்கிறேன் என்று உன் அக்கா சொல்லிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. பெயரைச் சொல்லப்போவது அனெஸீனாவின் மகள். சண்டை போடத் தெம்பு இல்லை. இருபது நாள் இரண்டு பிள்ளைகளோடு இந்த வெயிலில். களைப்பு ஒரு கருத்தாக மாறிவிடுகிறது.

வெள்ளை உடை உன்னோடு பிரேயஸில். கலிரோய் தன் சீதனப் பெட்டியைத் திறந்து ஒரு இரவு உடையை எடுத்தாள். ஒருமுறையும் போடாதது. கத்தரியை வைத்து நடுவில் வெட்டினாள், யோசிக்காமல். ராத்திரிக்குள் தைத்துவிட்டாள்.

ஞானஸ்நானத் தொட்டியில் பாப்பா கொள்ளமாட்டாள் என்று திராட்சை மிதிக்கும் மரத்தொட்டியைக் கொண்டுவந்தார்கள். அதை நிரப்பியது நம் வீட்டுத் தண்ணீர். தரை துடைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவள், பதினெட்டு வாளி சுமந்து ஊற்றினாள்.

உங்கள் ஊர் வழக்கப்படி அம்மா உள்ளே போகக்கூடாது. நான் தேவாலய முற்றத்தில், சுவரோரம், காற்றில். கையில் சில்லறை. பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து அம்மாவிடம் சொல்வார்கள், முதலில் வருகிறவனுக்கு அதிகம். ஏதென்ஸில் படித்து, மாலைப் பள்ளியில் இலக்கியம் சொல்லிக்கொடுக்கிற நான், என் மகளின் பெயரைத் தெரிந்துகொள்ள ஐந்து திராக்மா நாணயங்களோடு வெளியே நின்றேன். உள்ளே பாப்பா கத்துவது கேட்டது. "பாப்பா தண்ணிக்கு வரமாட்டா." பாதிரியார் இருமுவது கேட்டது.

கதவு திறந்தது. பதினைந்து பிள்ளைகள். முன்னால் லாஸரோஸ், இன்னும் நொண்டியபடி. யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுக்க, அவன் உதறிவிட்டு வந்தான்.

"எவாந்தியா" என்றான். "அம்மா, எவாந்தியா. எனக்குத்தான் காசு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். உன் அண்ணன் மனைவி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். ஊர் முழுவதும் என்னைப் பார்த்தது, நான் செய்த வேலை என்று.

எவாந்தியா. எனக்குப் பிடித்த பெயர்கூட இல்லை. மருந்துக்கடைக்காரரின் மனைவி போல இருக்கிறது.

விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு தட்டுகளைக் கழுவினோம், கடல் தண்ணீரில். ஏன் என்று கேட்டேன். அவர் வாக்குக் கொடுத்திருக்கிறாரே, உங்கள் அம்மா கேட்டாளாமே என்றேன்.

கலிரோய் தட்டைக் கீழே வைத்தாள்.

"எந்த வாக்கு? அவன் கரையில எறங்கும்போது அம்மாவப் பொதச்சு ரெண்டு நாள் ஆச்சு. காத்து. கப்பல் வரல."

கழுவிய தட்டையே நான் மறுபடியும் கழுவினேன்.

"நான்தான் பக்கத்துல இருந்தேன். பேரப் பத்தி ஒண்ணும் சொல்லல. தலையணை ஒசரமா இருக்குன்னா. எடுத்தேன். அதுதான் கடைசி."

பிறகு, நான் கேட்காமலே: "இந்த வீட்டுக்குள்ள முப்பது வருஷம் எல்லாரும் அந்தப் பேரச் சொல்லித்தான் பயந்தோம். இப்பதான் சத்தமில்லாம இருக்கு. மறுபடியும் நான் வாசல்ல நின்னு அதக் கூப்பிடணுமா? இந்தத் தீவுல யாருக்கும் இல்லாத பேரா ஒண்ணு தேடுனேன். உனக்குப் புடிக்கலன்னா மாத்திக்க முடியாது. எண்ணெய் பூசியாச்சு, எர்ஸி."

என் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

யாக்குமிஸ், இனி உனக்கு. நான்கு வருடம். என் பெண்ணை டாக்டர்கள் "குழந்தை" என்று எழுதினார்கள். பிறந்தநாள் கேக்கில் பூவை மட்டும் போடச் சொன்னேன். உன் வாக்கோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், இறந்த ஒருத்தியோடு சண்டை போட்டேன், அவள் கேட்கவே இல்லாத ஒன்றுக்காக. அவளைக்கூட நான் தவறாக வெறுத்திருக்கிறேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, சரியான காரணத்துக்காக வெறுக்கவாவது என்னை விட்டிருக்கலாம்.

கப்பல் வந்தால் வா. வராவிட்டாலும் பிள்ளைகள் இங்கே நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எர்ஸி


பிரேயஸ்
26 ஆகஸ்ட்

எர்ஸி,

காற்று திங்கட்கிழமை நின்றது. நான் அப்போது கறிக்கடையில் இருந்தேன். உன் கடிதம் நேற்று வந்தது. செப்டம்பர் 4ஆம் தேதிக் கப்பலில் உங்களைக் கூட்டிப்போக வருகிறேன். முதலாளியிடம் எழுதி வாங்கிவிட்டேன்.

அக்கா சொன்னது உண்மை.

அந்த மார்ச்சில் மூன்று நாள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மண்கூடக் காய்ந்திருந்தது. திரும்பி வந்தேன். நீ பாப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாய். என்ன சொன்னாள் என்று கேட்டாய். நான் அங்கே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. இருந்த மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. கையைப் பிடித்தேன், வாக்குக் கொடுத்தேன் என்றேன். சொன்னதும் அது நடந்தது போலவே ஆகிவிட்டது. கையின் சூடுகூட எனக்கு நினைவில் இருக்கிறது. இப்போதும் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை நீ மறுத்தபோதும், நான் அந்தக் கட்டிலருகே இருந்தது உறுதியாகிக்கொண்டே வந்தது. விட்டுக்கொடுத்தால் அங்கே இல்லாதவனாகிவிடுவேன்.

மன்னிக்கச் சொல்லவில்லை. கத்துவதற்கு வசதியாக நேரில் வருகிறேன். காபிக் கடைத் தொலைபேசியில் வேண்டாம்.

அடுத்த கப்பலில் இன்னொரு உறை அனுப்புகிறேன். உனக்கு இல்லை, மகளுக்கு. அதில் இருப்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, உறை வருவதற்குள் நீ படித்துக் காட்டினால் போதும். கோபத்தில் காட்டாமல் விட்டுவிடாதே.

யாக்குமிஸ்


எவாந்தியா,

அப்பா எழுதுகிறேன். உனக்கு இதுவரை கடிதம் எழுதியதில்லை. உறையின் மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால்.

உன் பெயரை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். முதல் மூன்றும் யாரோ போல இருந்தது. நான்காவது பரவாயில்லை.

கப்பல் வந்ததும் தபால்காரர் சதுக்கத்தில் நின்று உறைகளில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படிப்பார். அத்தையோடு போய் நில். பாதி வழியில் உட்காராதே. உன் உறை வரும்போது அவர் ஒரு நொடி நிறுத்திவிட்டு, இது யாருடா என்று சுற்றிப் பார்ப்பார். யாரும் திரும்பமாட்டார்கள்.

நீ கையைத் தூக்கு.